கோட்டையூர் வீட்டை விக்கப் போறோம், லாபத்துக்கு வரி 12.5 சதவீதமா 20 சதவீதமா? விவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க

கோட்டையூர்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கோட்டையூர்ல எங்க ஐயா கட்டின வீடு ஒண்ணு இருக்கு. நாப்பது பங்காளி கையெழுத்துப் போட வேண்டிய பெரிய வீடு இல்லீங்க, அது தனி. இது ஐயா 1960 வாக்குல தனியாக் கட்டினது, முகப்பு, ஒரு வளவு, பின்கட்டு, அவ்வளவுதான். ஐயாவுக்கப்புறம் அப்பச்சிக்கு, அதான் எங்க அப்பாவுக்கு வந்துச்சு, அப்பச்சி 2019ல தவறிட்டாக, இப்ப ஆத்தா, அண்ணன், நான், தங்கச்சி நாலு பேருக்கும் சமபங்கு. பட்டா, வாரிசு சான்று எல்லாம் சரியா இருக்கு.

ஓடு மாத்தவே வருசா வருசம் காசு போகுது, ஆத்தாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி அவசரம்னா அங்க இருந்து யாரு தூக்கிட்டு ஓடுறது, அதனால வித்துட்டு காரைக்குடிலயே ஆஸ்பத்திரி பக்கமா மாடி ஏற வேண்டாத வீடா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு பேசி முடிச்சிருக்கோம். ஒருத்தர் 80 லட்சம் கேட்டிருக்காரு, ஆளு நல்லவராத்தான் தெரியுறாரு, வீட்டைப் பிரிக்க மாட்டேன், தங்குற விடுதி மாதிரி செய்யப் போறேன்னு சொல்றாரு.

குழப்பம் எங்கன்னா, மாமா ஒருத்தர் சொல்றாக 2024 பட்ஜெட்ல இன்டெக்சேஷனை (விலைவாசி ஏறின அளவுக்கு அடக்க விலையையும் ஏத்திக் கணக்குப் போடுறது) எடுத்துட்டாக, பழைய வீடு விக்கிறவுக கதை முடிஞ்சு போச்சுன்னு. இன்னொரு சொந்தக்காரர் சொல்றாக 20 சதவீதம் 12.5 ஆயிருச்சு, உங்களுக்கு லாபந்தான்னு. ரெண்டு பேரும் அடிச்சுச் சொல்றாக. இதுக்கு நடுவுல தங்கச்சி வீட்டுக்காரர் இந்த 2025ம் வருசம் 12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு பட்ஜெட்ல சொல்லிட்டாக, ஆளுக்கு 20 லட்சந்தானே வருது, லாபத்தைக் கணக்குப் பாத்தா 12க்குள்ள நிக்கும்ங்குறாரு.

இன்னும் ரெண்டு விஷயம். அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காக, வருசக் கணக்கா அங்கதான், அவுகளுக்கு வேற கணக்குன்னு கேள்விப்பட்டேன், அதுவே வீட்டுல ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் வாங்குறவரு பத்திரத்துல 50 லட்சம் போட்டுக்கலாமா, மிச்சத்தைக் கையில குடுத்துடுறேன்னு லேசாக் கேட்டு வச்சிருக்காரு. தெரிஞ்சவுக சொல்லுங்க.

—

கணக்கப்புள்ள:

ஆச்சி வணக்கம். நான் காரைக்குடில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், இந்த மாதிரி வீட்டுக் கேஸ்தான் எங்க கிட்ட அதிகம் வரும், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

உங்க மாமா சொன்னது அரைவாசி சரி, அந்தச் சொந்தக்காரர் சொன்னதும் அரைவாசி சரி. 2024 ஜூலை 23 பட்ஜெட்ல முதல்ல சொன்னது இன்டெக்சேஷன் கிடையாது, எல்லாருக்கும் 12.5 சதவீதம் அப்படின்னு. அதுக்கு ஊர் பூரா கூச்சல் வந்ததும் ஆகஸ்ட்டுல ஒரு திருத்தம் கொண்டுவந்தாங்க. 2024 ஜூலை 23க்கு முன்னாடி கைக்கு வந்த நிலம், வீடுன்னா, இந்தியாவுல குடியிருக்கிற தனிநபரும் இந்து கூட்டுக் குடும்பமும் ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுப் பாத்து எது கம்மியோ அதைக் கட்டலாம். உங்களுக்கு 2019லயே வந்துருச்சு, அதனால நீங்க, ஆத்தா, தங்கச்சி மூணு பேருக்கும் அந்தச் சலுகை உண்டு.

இப்ப எது கம்மிங்குறது முழுக்க ஒரே ஒரு நம்பரை வச்சுத்தான் இருக்கு, 1-4-2001 அன்னைக்கு உங்க வீட்டோட மதிப்பு என்ன. ஐயா கட்டினப்ப என்ன செலவாச்சுங்குறது இங்க பெருசா வேலைக்கு ஆகாது, 2001க்கு முந்தின சொத்துக்கு அந்தத் தேதி மதிப்பையே அடக்க விலையா எடுத்துக்க சட்டத்துல இடம் இருக்கு. பணவீக்கக் குறியீடு 2001-02க்கு 100, இந்த நிதியாண்டு 2025-26க்கு 376. அதாவது அன்னைக்கு ஒரு ரூபான்னா இன்னைக்கு 3 ரூபா 76 காசு.

ஒரு பேச்சுக்கு 2001ல வீடு 16 லட்சம் பெறும்னு வைங்க. இன்டெக்சேஷன் போட்டா 60 லட்சத்து 16 ஆயிரம், 80ல கழிச்சா லாபம் 19 லட்சத்து 84 ஆயிரம், அதுல 20 சதவீதம்னா 3 லட்சத்து 96 ஆயிரத்து 800. இன்டெக்சேஷன் இல்லாமப் போட்டா லாபம் 64 லட்சம், 12.5 சதவீதம் 8 லட்சம். பாதிக்குப் பாதி வித்தியாசம். ஆனா 2001ல வீடு 7 லட்சந்தான் பெறும்னா தலைகீழா மாறிடும், 20 சதவீதக் கணக்குல 10 லட்சத்து 73 ஆயிரம் சொச்சம், 12.5ல 9 லட்சத்து 12 ஆயிரத்து 500. ரெண்டுக்கும் மேல 4 சதவீதம் செஸ் (வரி மேல போடுற கூடுதல் வரி) தனி.

நான் வர்றவுகளுக்கெல்லாம் சொல்ற குறுக்குவழி ஒண்ணு இருக்கு. இந்த நிதியாண்டுல விக்கிற விலை, 2001 மதிப்பைப் போல சுமார் 8.36 மடங்குக்கு மேல போச்சுன்னா 12.5 நல்லது, அதுக்குக் கீழன்னா 20 நல்லது. உங்க 80 லட்சத்துக்கு அந்தக் கோடு ஒன்பதரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல விழுது. அதனால அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்ன அரசு அங்கீகாரம் பெத்த வேல்யூவர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயி 2001 மதிப்புக்கு ரிப்போர்ட் வாங்கிடுங்க. ஆனா வேல்யூவர் தன் இஷ்டத்துக்குத் தேக்கு, ஆத்தங்குடி கல்லுன்னு ஏத்திப் போட முடியாது. 2020 பட்ஜெட்ல ஒரு பூட்டு போட்டுட்டாங்க, 2001 மதிப்பு அன்னைக்கு முத்திரைத்தாளுக்கு எடுத்த மதிப்பைத் தாண்டக் கூடாது.

12 லட்சம் சமாச்சாரம்: அது சம்பளம், பென்ஷன், வட்டி மாதிரி வருமானத்துக்கு. அதைக் குடுக்கிற 87ஏ பிரிவுத் தள்ளுபடி வீடு வித்த லாபத்துக்குக் கிடையாது, தங்கச்சி வீட்டுக்காரர் கிட்ட பக்குவமாச் சொல்லிடுங்க. ஆனா ஒண்ணு, ஆத்தாவுக்கு வேற வருமானமே இல்லைன்னா புது வரி முறைல முதல் 4 லட்சம் அடிப்படை விலக்கு இருக்குல்ல, அது மிச்சம் இருக்கிற வரைக்கும் இந்த லாபத்துல கழிச்சுக்கலாம், இந்தியாவுல குடியிருக்கிறவுகளுக்கு மட்டும்.

—

சிங்கை_பங்காளி:

ஆச்சி, உங்க அண்ணன் நிலைமைலதான் நானும் இருக்கேன், பள்ளத்தூர் பக்கம் எங்க வீடு. மேல எழுதினவர் தெளிவாச் சொல்லிட்டாரு, ஆனா எங்களுக்கு அந்த ரெண்டுல ஒண்ணு தேர்ந்தெடுக்கிற சலுகை கிடையாது. என்ஆர்ஐன்னா (வெளிநாட்டுல குடியிருக்கிற இந்தியர்) 12.5 தான், இன்டெக்சேஷன் இல்லை. அவர் சொன்ன 16 லட்சக் கணக்கையே பங்கு வச்சுப் பாருங்க, ஆளுக்கு விலை 20 லட்சம், அடக்கம் 4 லட்சம். ஊர்ல இருக்கிற உங்களுக்கு செஸ்ஸோட 1 லட்சத்து 3 ஆயிரம் சொச்சம் வரும், உங்க அண்ணனுக்கு 2 லட்சத்து 8 ஆயிரம். ஒரே வீடு, ஒரே அப்பச்சி, ஒரே பத்திரம், வரி மட்டும் ரெண்டு மடங்கு. எங்க வீட்டுல இதை வச்சே ஒரு சண்டை ஓடி முடிஞ்சுது, எனக்குக் கூடுதலா வர்ற வரியைப் பொதுவுல போடணும்னு நான் கேக்க, உனக்குத்தான் சிங்கப்பூர் வெள்ளியில சம்பளம் வருதுல்லன்னு அவுக சொல்ல... விடுங்க.

வரியை விடப் பெரிய தலைவலி டிடிஎஸ், அதாவது வாங்குறவரே வரியைப் பிடிச்சு அரசுக்குக் கட்டுறது. ஊர்ல இருக்கிறவுக பங்குக்கு வாங்குறவரு 1 சதவீதம் பிடிச்சாப் போதும். எங்க பங்குக்கு வருமான வரிச் சட்டம் 195வது பிரிவுல பிடிக்கணும், அதுக்கு 50 லட்சத்துக்குக் கீழன்னா வேண்டாம்ங்கிற வரம்பெல்லாம் கிடையாது, ஒரு ரூபாய்க்கும் பிடிக்கணும். சட்டப்படி பாத்தா லாபத்துக்குத்தான், ஆனா லாபம் எவ்வளவுன்னு வாங்குறவரு எப்படித் தீர்மானிப்பாரு, எதுக்கு வம்புன்னு மொத்த விலைலயும் 13 சதவீதம் பிடிச்சிடுவாரு. 20 லட்சத்துக்கு 2 லட்சத்து 60 ஆயிரம் போயிரும், அப்புறம் ரிட்டர்ன் போட்டுக் காத்திருந்து வாங்கணும். இதைத் தவிர்க்க ஃபார்ம் 13ல மனுப் போட்டு இவ்வளவு பிடிச்சாப் போதும்னு வருமான வரி ஆபீஸ்ல சான்றிதழ் வாங்கலாம், ஆனா அதுக்கு நேரம் ஆகும், பத்திரத்துக்கு நாள் குறிச்சுட்டு ஓடக் கூடாது. இன்னொண்ணு, 2025 நிலவரப்படி என்ஆர்ஐ பங்கு இருந்தா வாங்குறவரு டான் நம்பர் (வரி பிடிக்கிறவுகளுக்கான எண்) எடுக்கணும். இதைக் கேட்டே பாதிப் பேரு ஓடிடுறாக. உங்க ஆளு கிட்ட முதல்லயே சொல்லிடுங்க, கடைசி நேரத்துல சொன்னா இதைச் சாக்கா வச்சு விலையைக் குறைப்பாக.

அண்ணன் வர முடியலைன்னா பவர் எழுதி அங்க இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்பலாம், ஊருக்கு வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டிடணும்.

ஆமா, விக்கத்தான் வேணுமான்னும் ஒரு தடவை யோசிங்க. முன்னயெல்லாம் பூட்டிக் கிடக்குற வீட்டுக்கும் வாடகை வந்த மாதிரி நினைச்சு வரி போடுவாங்கன்னு ஒரு பயம் இருந்துச்சு, 2025 பட்ஜெட்ல அந்த நிபந்தனையை எல்லாம் எடுத்துட்டாங்க, ரெண்டு வீடு வரைக்கும் காரணமே கேக்காம சொந்த உபயோகம்னு காட்டலாம். படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற சடங்கு) வருசம் ஒருக்கா நடக்குற வீட்டைப் பூட்டி வச்சிருக்கிற நம்ம ஆளுகளுக்கு இது சத்தமில்லாம வந்த நல்ல காரியம்.

—

கோட்டையூர்_பொண்ணு:

@சிங்கை_பங்காளி அண்ணே, படைப்பெல்லாம் பெரிய வீட்டுலதான், இது அது இல்லை. விக்கிறதுன்னு முடிவு ஆயிருச்சு, ஆத்தாவே சொல்லிட்டாக. அண்ணன் பங்கை எங்க யாரு பேருக்காவது விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக் குடுக்கிற பத்திரம்) எழுதி வாங்கிட்டு, அப்புறமா நாங்க மூணு பேரா வித்தா அந்த ரெண்டு மடங்கு வரி போயிரும்ல? தங்கச்சி இப்பத்தான் கேட்டா.

—

பத்திரம்_தேவகோட்டை:

நான் பத்திர எழுத்தர், உரிமம் வாங்கி ரொம்ப வருசம் ஆச்சு. தங்கச்சி கேட்ட விடுதலைப் பத்திரம் எழுதலாம், தடை இல்லை. குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40 ஆயிரம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10 ஆயிரம். 2023 ஜூலைக்கு முன்ன அது 25 ஆயிரமும் 4 ஆயிரமுமா இருந்துச்சு. கூடப்பொறந்தவுக வரைக்கும் சிக்கல் இல்லை, பங்காளிகன்னா பழைய பத்திரங்களைப் பாத்துத்தான் சொல்ல முடியும். வருமான வரிப் பக்கம் என்ன ஆகும்ங்குறதைக் கணக்கப்புள்ளதான் சொல்லணும், ஆனா விக்கிறதுக்கு முந்தின வாரம் விடுதலை எழுதி, வித்த அடுத்த வாரம் பணம் சிங்கப்பூர் போச்சுன்னா பாக்குறவனுக்கு என்ன தோணும்னு யோசிங்க.

நான் எழுத வந்தது அந்த 50 லட்சம் விவகாரத்துக்கு. அதுக்கு முன்னாடி நம்ம மாநில பட்ஜெட் கதையைத் தெரிஞ்சுக்கிருங்க, டெல்லி பட்ஜெட்டை எல்லாரும் டிவில பாக்குறாக, ஆனா வாங்குறவன் பையில உடனே கை வைக்கிறது சென்னைல போடுறதுதான். 2017 ஜூன்ல வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு இடத்துக்கு இடம் குறிக்கிற மதிப்பு) 33 சதவீதம் குறைச்சாக, எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அதே கையோட பதிவுக் கட்டணத்தை 1ல இருந்து 4 ஆக்கினாக. 2023 பட்ஜெட்ல மதிப்பைப் பழைய நிலைக்கே ஏத்திட்டு கட்டணத்தை 4ல இருந்து 2 ஆக்கினாக. அதுக்கப்புறம் அது கோர்ட்டுக்குப் போயி, 2024 ஜூலை 1ல இருந்து திருத்தின மதிப்பு வந்துச்சு. இப்ப 2025 நிலவரம் முத்திரை 5, சொத்து மாற்றுத் தீர்வை 2, பதிவு 2, ஆக 9 சதவீதம். 80 லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். அந்த வலிலதான் உங்க ஆளு 50ன்னு கேக்குறாரு, 30 லட்சத்தை மறைச்சா 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம்னு மனக்கணக்கு.

முதல்ல உங்களுக்கு வர்ற ஆபத்து. வீட்டு விற்பனைல 20 ஆயிரம் ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா அட்வான்ஸ் வாங்கினா வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட வழி இருக்கு, அது வாங்குறவருக்கு இல்லை, கை நீட்டின உங்களுக்கு. பத்திரத்துல போட்ட தொகை வழிகாட்டி மதிப்புக்குக் கீழ போனா சார்பதிவாளர் முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவுல மதிப்பை விசாரிக்கச் சொல்லி அனுப்பிடுவாரு, அது தீர்ற வரைக்கும் பத்திரம் கைக்கு வராது. வருமான வரிக்காரவுகளும் வழிகாட்டி மதிப்பு உங்க விலையை விட 10 சதவீதத்துக்கு மேல கூட இருந்தா அந்த மதிப்பையே விலையா எடுத்துப்பாக.

அதைவிட, அவருக்கே இது நஷ்டம்னு எடுத்துச் சொல்லுங்க. பழைய நாள்ல பத்திரத்துல குறைச்சுப் போட்டாலும் பத்து வருசம் கழிச்சு விக்கும்போது இன்டெக்சேஷன் வந்து ஓரளவு அடக்க விலையைத் தூக்கிவிட்டுரும். 2024 ஜூலை 23க்கு அப்புறம் வாங்குறவருக்கு அது என்னைக்கும் கிடையாது, பத்திரத்துல என்ன போட்டாரோ அதுதான் அவரோட அடக்கம், காலத்துக்கும். இன்னைக்கு 30 லட்சத்தை மறைச்சா 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம், நாளைக்கு விக்கும்போது அதே 30 லட்சம் லாபமா நின்னு 12.5 சதவீதம், 3 லட்சத்து 75 ஆயிரம், செஸ் வேற. போதாததுக்கு அவர் விடுதி நடத்தப் போறாரு, பேங்குல கடன் கேட்டா பத்திர மதிப்பைத்தான் பாப்பாக. நான் ஆபீஸ்ல இதை ஒரு தாள்ல எழுதிக் காட்டினா பத்துக்கு ஏழு பேரு வாயை மூடிக்கிறாக, மிச்ச மூணு பேரு வேற எழுத்தரைத் தேடிப் போறாக.

2001 மதிப்புக்குத்தான் இதுல வேடிக்கை. அப்பெல்லாம் எங்க ஊர்ப் பக்கம் வழிகாட்டி மதிப்பு குறைச்சலா இருந்தா நமக்கு நல்லதுன்னு பேசிக்கிட்டோம். இப்ப அதே குறைஞ்ச நம்பர்தான் உங்க அடக்க விலைக்கு மேல்வரம்பா வந்து உக்காந்திருக்கு. சார்பதிவாளர் ஆபீஸ்ல மனுக் குடுத்து அந்தத் தேதில உங்க தெரு, சர்வே நம்பருக்கு என்ன மதிப்புன்னு எழுத்துல வாங்கிடுங்க, அது நிலத்துக்கு மட்டும், கட்டடத்துக்குத் தனியாச் சேக்கணும், வேல்யூவருக்கு அது தெரியும்.

—

கழனிவாசல்_காரன்:

எல்லாரும் விக்கிறவுக பக்கமே பேசுறீங்களே. நான் வாங்குற பக்கம், ரெண்டு வருசமா காரைக்குடில வீடு தேடுறேன். மாநகராட்சி ஆயிருச்சுன்னு சொன்ன நாள்ல இருந்து மனைக்காரன் வாயில வர்ற விலையே வேற. பட்ஜெட் அன்னைக்கு டிவி முன்னாடி உக்காந்து பாக்குறேன், நமக்கு என்ன கிடைச்சுது? 12 லட்சம் வரி இல்லைன்னு புது முறைக்கு ஆசைப்பட்டுப் போனா, குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் கழிவு அங்க கிடையாது. பழைய முறைல இருந்தா அது உண்டு, ஆனா விகிதம் ஜாஸ்தி. வட்டி கட்டுறவன் ரெண்டையும் போட்டுப் பாத்துத்தான் முடிவு பண்ணணும், என் சம்பளத்துக்குப் புது முறைதான் கம்மி வந்துச்சு, ஆக வீட்டுக் கடனுக்குன்னு எனக்குக் கிடைச்ச சலுகை பூஜ்யம்.

ஒண்ணு மட்டும் உருப்படியா வந்துச்சு. நம்ம மாநில பட்ஜெட்ல 2025 ஏப்ரல்ல இருந்து பெண்கள் பேர்ல 10 லட்சம் வரைக்கும் உள்ள வீடு, மனை, நிலம் பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் கம்மி. 10 லட்சத்துக்கு 10 ஆயிரம் மிச்சம். இன்னைக்கு காரைக்குடில 10 லட்சத்துக்குள்ள எங்க மனை கிடைக்குதுன்னு கேக்காதீங்க, ஊரை விட்டு வெளியதான் போகணும். ஆச்சி உங்க ஆத்தாவுக்கு ஆஸ்பத்திரி பக்கம் வேணும்னா இது ஆகாது. கட்டுற வேலைன்னா சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிருச்சு, அது பட்ஜெட்ல வந்தது இல்லை, 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சில்ல முடிவு பண்ணது. கட்டி முடிச்சு நிறைவுச் சான்று வாங்கின வீடா வாங்கினா ஜிஎஸ்டி இல்லை, கட்டிக்கிட்டு இருக்கிற ஃபிளாட்டுன்னா 5 சதவீதம், 45 லட்சத்துக்குள்ள சின்ன ஃபிளாட்டுன்னா 1.

இன்னொரு யோசனை. கோட்டையூர் வீட்டுல பர்மா தேக்குத் தூணு, நிலை எல்லாம் இருக்கும்ல, அதைத் தனியா பழைய சாமான் ஏவாரி கிட்ட பேசி வித்துட்டு, நிலத்தையும் சுவத்தையும் மட்டும் பத்திரத்துல காட்டினா ரெண்டு பக்கமும் மிச்சம்தானே? எங்க தெருவுல அப்படித்தான் ஒருத்தர் செஞ்சாரு.

—

கணக்கப்புள்ள:

@கழனிவாசல்_காரன் அண்ணே, அவுக ஆளு வீட்டைப் பிரிக்க மாட்டேன்னு சொன்னதாலதான் குடுக்கவே போறாக, நீங்க தூணைப் புடுங்கச் சொல்றீங்க. தூணை வித்த காசும் கணக்குல வரத்தான் செய்யும், ஏவாரி ரொக்கமாக் குடுத்தான்னா அது வரி இல்லாத காசு ஆயிடாது. தூணு போன வீட்டுக்கு 80 யாரு குடுப்பா?

ஆச்சி, விடுதலைப் பத்திர யோசனையை விட்டுடுங்க. அண்ணன் பங்கு உங்க பேருக்கு வர்ற தேதி 2025 ஆயிரும், அந்தப் பங்கு 2024 ஜூலை 23க்கு முன்ன கைக்கு வந்ததுதானான்னு கேள்வி கிளம்பும், அதுக்குப் பதில் சொல்லி ஜெயிக்கிற செலவு மிச்சம் பண்ற வரியை விட ஜாஸ்தி. அதோட பத்திரச் செலவு வேற. பத்திரம் எழுதுறவர் சொன்ன மாதிரி, பணம் திரும்ப சிங்கப்பூர் போறதைப் பாத்தா அது விடுதலை இல்லை, வேற ஏதோன்னு தெரிஞ்சு போகும்.

வாங்குறவரு கிட்ட டிடிஎஸ் பேசும்போது இதையும் சொல்லுங்க: ஆளுக்கு 20 லட்சந்தானே, 50 லட்சத்துக்குக் கீழ, அதனால பிடிக்க வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்க. 2024 அக்டோபர்ல இருந்து அந்த ஓட்டையை அடைச்சாச்சு, மொத்த விலை 50 லட்சமோ மேலயோன்னா ஒவ்வொருத்தர் பங்குலயும் 1 சதவீதம் பிடிச்சு, ஆளுக்கொரு 26கியூபி படிவம் போடணும். அது உங்க பான்ல வரவா விழும், நீங்க கட்ட வேண்டிய வரில கழிஞ்சிரும், பயப்பட ஒண்ணும் இல்லை.

இனி நான் முன்னாடியே எழுதியிருக்க வேண்டிய பெரிய விஷயம், அதாவது வருமான வரிச் சட்டம் 54வது பிரிவு. வீடு வித்த லாபத்தை இன்னொரு வீட்டுல போட்டா, வித்த தேதிக்கு ஒரு வருசம் முன்ன இல்லை ரெண்டு வருசத்துக்குள்ள வாங்கினா, இல்லை மூணு வருசத்துக்குள்ள கட்டினா, அந்த அளவுக்கு வரி இல்லை. 2023 பட்ஜெட்ல இதுக்கு 10 கோடி உச்சவரம்பு வச்சாங்க, அது நமக்குக் கவலை இல்லை. ஆனா ஒவ்வொருத்தரும் தன் லாபத்துக்குத் தானே வீடு வாங்கினாத்தான் விலக்கு. நாலு பேரு காசையும் போட்டு ஆத்தா பேர்ல மட்டும் வீடு பதிஞ்சீங்கன்னா, விலக்கு ஆத்தாவோட லாபத்துக்கு மட்டும்தான், உங்க மூணு பேரு லாபத்துக்கும் வரி நிக்கும். நல்ல மனசோட செஞ்சு இதுல மாட்டினவுகளை நான் நிறையப் பாத்துட்டேன். யாரு யாரு காசு போடுறீங்களோ அவுக பேரு பத்திரத்துல, அந்தந்தப் பங்கோட வரணும். அண்ணனுக்கும் 54 உண்டு, என்ஆர்ஐன்னு தடை இல்லை, வீடு இந்தியாவுல இருந்தாப் போதும். வாங்கின வீட்டை மூணு வருசம் விக்கக் கூடாது.

வீடு வேண்டாம்னு நினைக்கிறவுக வித்த ஆறு மாசத்துக்குள்ள 54ஈசி பாண்டுல (வரி விலக்குக்குன்னே உள்ள கடன் பத்திரம்) போடலாம், 50 லட்சம் வரைக்கும், அஞ்சு வருசம் எடுக்க முடியாது. வீடு பாத்து முடிக்கிறதுக்குள்ள ரிட்டர்ன் தேதி வந்துருச்சுன்னா பணத்தை சேமிப்புக் கணக்குல வச்சிருக்கக் கூடாது, பேங்குல இதுக்குன்னே கேபிடல் கெயின்ஸ் அக்கவுண்ட் திறந்து போட்டு வச்சிடணும்.

—

கோட்டையூர்_பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி, ரொம்ப உதவியா இருந்துச்சு. இடைல நடந்ததைச் சொல்லிடுறேன். வேல்யூவர் வந்து அளந்து பாத்துட்டு, சார்பதிவாளர் ஆபீஸ் மதிப்பையும் வச்சு, 2001க்கு 9 லட்சம் பக்கமாத்தான் வரும்னு வாய்மொழியாச் சொன்னாரு, ரிப்போர்ட் அடுத்த வாரம். கணக்கப்புள்ள அண்ணே சொன்ன அந்த ஒன்பதரைக் கோட்டுக்குக் கீழ போயிருச்சு. நானே போட்டுப் பாத்தேன், 20 சதவீதத்துல 9 லட்சத்து 23 ஆயிரம், 12.5ல 8 லட்சத்து 87 ஆயிரம். சரியா?

அப்படின்னா நாங்க மூணு பேரும் 12.5 தான் கட்டப் போறோம், அண்ணனும் அதே 12.5. இத்தனை நாளா அண்ணனுக்கு மட்டும் ஜாஸ்தின்னு தொலைபேசில பேசிப் பேசி மனசு கசந்தது எல்லாம் எதுக்குன்னே தெரியலை. மாமா மட்டும் நான் அப்பவே சொன்னேன் இன்டெக்சேஷன் இல்லைன்னு, அப்படின்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காக.

வாங்குறவரு கிட்ட அந்த 2.70க்கும் 3.75க்கும் உள்ள கணக்கைத் தாள்ல எழுதிக் காட்டினோம். யோசிக்கிறேன்னு போனாரு, மறுநாள் முழு விலைக்கே பத்திரம் போட்டுக்கலாம், ஆனா விலைல ஒரு லட்சம் குறைங்கன்னு வந்தாரு. ஆத்தா ஒத்துக்கிட்டாக. டான் நம்பர் எடுக்கவும் சரின்னுட்டாரு.

மிச்சம் ஒரு கேள்வி. மார்கழில பத்திரம் வேண்டாம்னு ஆத்தா சொல்றாக, தை பொறந்துதான். அண்ணனோட ஃபார்ம் 13 அதுக்குள்ள வருமா தெரியலை, வரலைன்னா பங்குனி, சித்திரைன்னு தள்ளிப் போகும். ஏப்ரல் தாண்டினா ஏதும் மாறுமா?

—

கணக்கப்புள்ள:

உங்க கணக்கு சரி ஆச்சி, 79க்கும் போட்டுப் பாத்தேன், 12.5 தான் கம்மி, வித்தியாசம் இன்னும் குறையுது, அவ்வளவுதான்.

மார்ச் 31க்குள்ள பத்திரம் முடிஞ்சா இந்த நிதியாண்டுக் கணக்கு, ரிட்டர்ன் அடுத்த ஜூலைல. அதைத் தாண்டினா அடுத்த நிதியாண்டுக்குப் போயிரும், ரிட்டர்னுக்கு ஒரு வருசம் கூடுதல் அவகாசம், ஆனா அட்வான்ஸ் டாக்ஸ் தவணைக் கணக்கும் அங்க தொடங்கிரும். குறியீட்டு எண்ணும் புதுசு வரும், அதனால 20க்கும் 12.5க்கும் உள்ள கோடு லேசா நகரும், உங்க விஷயத்துல இடைவெளி கம்மிங்குறதால திரும்ப ஒருக்கா போட்டுப் பாத்துடணும். 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருது, 54, 195ங்கிற செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறும், ஃபார்ம்ல பழைய நம்பரைப் போட்டுடாதீங்க.

அண்ணன் ஃபார்ம் 13க்கு விற்பனை ஒப்பந்த நகல் கேப்பாக, அதனால ஒப்பந்தத்தை இப்பவே எழுதிடுங்க, அதுக்கு மார்கழி தடை இல்லைன்னா. அட்வான்ஸ் காசோலையா, இல்லை பேங்கு வழியா. ஒப்பந்தத்துல நாலு பேரு பங்கையும் நாலு பேங்குக் கணக்கையும் தனித்தனியாப் போடச் சொல்லுங்க, அண்ணன் பங்கு அவுக என்ஆர்ஓ கணக்குக்கே (வெளிநாட்டுல இருக்கிறவுக இந்தியாவுல வர்ற பணத்துக்கு வச்சிருக்கிற பேங்குக் கணக்கு) நேரா போகட்டும், உங்க கணக்குல வாங்கி அனுப்ப வேண்டாம்.